குடம் தூக்கியதால்தான் அம்மாவுக்கு ஹெர்னியா வந்ததா? பழைய தையல் பற்றி ஒரு கேள்வி

பெரம்பூர்ப் பொண்ணு | ஞாயிறு, இரவு 9.40

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 59 வயது. இரண்டு வருடத்துக்கு முன்னால் குடல்வால் வெடித்து, வயிறு முழுக்கச் சீழ் பரவி, ராத்திரி இரண்டு மணிக்குப் பெரிய ஆபரேஷன் செய்தார்கள். தொப்புளுக்கு மேலே நான்கு விரல் தள்ளித் தொடங்கி, தொப்புளைச் சுற்றிக்கொண்டு அடிவயிறு வரை நேராக ஒரு கீறல். தையல் போட்ட இடத்தில் சீழ் வைத்துவிட்டது. மூன்று வாரம் தினமும் கட்டு மாற்றினோம். சர்க்கரையும் உண்டு.

நான்கு மாதமாக, படுக்கையிலிருந்து எழும்போது தொப்புளுக்குப் பக்கத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்துக்கொண்டு வருகிறது. படுத்தால் தானாக உள்ளே போய்விடுகிறது. கையை வைத்துக்கொண்டு இருமச் சொன்னால் உள்ளங்கையில் வந்து முட்டுகிறது. பழைய தையல் வழியாக வந்த ஹெர்னியா என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

என் கேள்வி வேறு. எங்கள் தெருவுக்கு மெட்ரோ தண்ணீர் லாரி வருவது நான் வேலையில் இருக்கும் நேரத்தில். ஆபரேஷன் ஆகி ஒன்றரை வருடம் கழித்து அம்மாவே குடம் பிடித்து முதல் மாடிக்கு ஏற்றத் தொடங்கியிருக்கிறார். எனக்குத் தெரியாது. இப்போது சித்தியும் அத்தையும் வருகிறபோதெல்லாம், "சொன்னால் கேட்டால்தானே, குடத்தைத் தூக்கித் தூக்கி வயிற்றைக் கெடுத்துக்கொண்டாள்" என்கிறார்கள். அம்மா யார் வந்தாலும் முந்தானையை வயிற்றின்மேல் இழுத்து மூடிக்கொண்டு தலையைக் குனிந்துகொள்கிறார். அதைப் பார்க்க முடியவில்லை.

அம்மாவின் அண்ணனுக்குத் தொடை இடுக்கில் இரண்டு பக்கமும் குடலிறக்கம் (அதுவும் ஹெர்னியாதான்) வந்து ஆபரேஷன் ஆனது. ஒரு பக்கம் திரும்பவும் வந்தது. பாட்டிக்குக் கருப்பை இறங்கியிருந்தது. இதெல்லாம் எங்கள் குடும்பத்தின் உடம்புவாகா, அல்லது உண்மையிலேயே குடம்தான் காரணமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

வார்டு அக்கா | ஞாயிறு, இரவு 10.05

தங்கச்சி, மற்றவர்கள் விளக்கம் சொல்வதற்குள் ஒன்றைக் குறித்துக்கொள். புடைப்பு திடீரென்று கல் மாதிரி இறுகி, படுத்தாலும் உள்ளே போகாமல், வலியும் வாந்தியும் வந்து, காற்றும் பிரியாமல் நின்றுவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 108-ஐ அழைத்து அப்போதே கிளம்ப வேண்டும். குடல் அந்த ஓட்டைக்குள் மாட்டிக்கொண்டு ரத்தஓட்டம் நின்றுவிடும். மேலே தோல் சிவந்து போனாலும் அப்படித்தான். அழுத்தி உள்ளே தள்ளிப் பார்க்கிற வேலையே வேண்டாம்.

அறுவை சிகிச்சை வார்டில் பதினாறு வருடமாக இருக்கிறேன். முந்தானையை இழுத்து மூடிக்கொள்ளும் அம்மாக்களை நிறையப் பார்த்தாயிற்று.

---

தையல் வாத்தியார் | ஞாயிறு, இரவு 11.20

நான் அரசு மருத்துவக் கல்லூரியில் பொது அறுவை சிகிச்சை சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். அம்மாவை நேரில் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வயிற்றைத் தைக்கிறோம் என்றால் பலரும் தோலை நினைத்துக்கொள்கிறார்கள். தோல் தையல் ஒரு பொருட்டே அல்ல. வயிற்றின் நடுவில், மார்பெலும்பின் நுனியிலிருந்து இடுப்பெலும்பு வரை, இரண்டு பக்கத் தசைகளும் வந்து சேருகிற வெள்ளையான நார்ப்பட்டை ஒன்று இருக்கிறது. வெண்கோடு என்று பாடப்புத்தகத்தில் போடுவார்கள். கையுறை போட்ட விரலால் தொட்டால் நனைந்த காடாத்துணி மாதிரி இருக்கும். வயிற்றைத் தாங்குவது அந்தப் பட்டைதான். அதைக் கிழித்து உள்ளே போகிறோம், வரும்போது அதைத்தான் தைத்துவிட்டு வருகிறோம். அது ஒட்ட வேண்டிய விதத்தில் ஒட்டவில்லை என்றால் மேலே தோல் எவ்வளவு அழகாக ஆறியிருந்தாலும் பயனில்லை.

அந்தப் பட்டை மெதுவாகத்தான் ஆறும். ஒன்றரை, இரண்டு மாதத்தில் பழைய பலத்தில் ஏறக்குறைய பாதி வரும். அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் பலம் கூடிக்கொண்டே போகும். ஆனால் முழுதாகப் பழைய நிலைக்கு வருவதே இல்லை. நடுவயிற்றைத் திறந்து செய்கிற ஆபரேஷன்களில் 100 பேருக்குப் 10 முதல் 20 பேர் வரை பின்னாளில் இந்த ஹெர்னியா வருகிறது. உங்கள் அம்மா தனியாள் இல்லை.

இனி குடம். 1989-இல் இங்கிலாந்தில் வெளிவந்த ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. வயிற்றைத் தைக்கும்போது அந்த நார்ப்பட்டையின் இரு ஓரங்களிலும் சின்னச் சின்ன உலோகக் கிளிப்புகளை மாட்டிவிட்டார்கள். பிறகு எக்ஸ்ரே எடுத்து, எதிரெதிர்க் கிளிப்புகள் எவ்வளவு விலகியிருக்கின்றன என்று அளந்தார்கள். பின்னாளில் ஹெர்னியா வந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு, முதல் மாதத்துக்குள்ளேயே அந்த ஓரங்கள் 12 மில்லிமீட்டருக்கு மேல் விலகிப்போயிருந்தன. மேலே தோல் மூடியிருந்தது, நோயாளி நன்றாகவே நடந்துகொண்டிருந்தார். வெளியே புடைப்பாகத் தெரிவதற்கு வருடங்கள் பிடித்தன.

உங்கள் அம்மாவுக்கு அந்த முதல் மாதம் எப்படிப் போனது? நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: சீழ், தினமும் கட்டு மாற்றுதல், சர்க்கரை. பெரும்பாலும் கதவு அப்போதே திறந்துகொண்டது. ஒன்றரை வருடம் கழித்துத் தூக்கிய குடம், குடலை அந்தத் திறந்த கதவு வழியாக வெளியே எட்டிப் பார்க்க வைத்திருக்கலாம், அதையும் சற்றுப் பெரிதாக்கியிருக்கலாம். ஆனால் அந்தக் கதவைத் திறந்தது குடம் அல்ல.

அதற்காக எடை தூக்கினால் ஒன்றும் ஆகாது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நிறைந்த குடம் 15 கிலோ வரை வரும். முதல் ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு வேண்டவே வேண்டாம். ஆனால் வயிற்றுக்குள் அழுத்தத்தை அளந்து பார்த்தவர்கள் 2005-இல் எழுதியதையும் கேளுங்கள். சும்மா நிற்கும்போது 20 மில்லிமீட்டர் பாதரச அளவு இருக்கிற அழுத்தம், ஓர் இருமலில் 100-ஐத் தாண்டுகிறது. நாலரை கிலோ எடையைத் தூக்கியபோதும், முழங்காலை மடக்கியபோதும், நிற்பதைவிட அதிகம் ஏறவில்லை. நாம் குடத்தையே திட்டிக்கொண்டிருக்கிறோம். விடாத இருமலை, மலச்சிக்கலில் முக்குவதை யாரும் திட்டுவதில்லை.

---

பெரம்பூர்ப் பொண்ணு | ஞாயிறு, இரவு 11.48

சார், இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "முதல் மாசத்துலேயேவா?" என்று இரண்டு தடவை கேட்டார். அந்த மாதம் அம்மாவுக்குச் சளியும் இருந்தது. இருமும்போது தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளச் சொல்லி ஒரு நர்ஸ் அக்கா சொல்லிக்கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் அதை மறந்துவிட்டோம்.

---

திருவொற்றியூர்க்காரன் | திங்கள், காலை 7.15

எல்லாம் சரி. ஆனால் "உடம்புவாகு" என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு வலிக்கிறது. அப்பாவுக்கு வயிற்று ஆபரேஷன் ஆன எட்டாவது நாள், கட்டு முழுக்க ரோஜா நிறத்தில் நீர் நனைந்திருந்தது. "பரவாயில்லை, உள்நீர்தான்" என்றார்கள். அன்று சாயங்காலம் இருமினார், தையல் பிரிந்து குடல் வெளியே வந்துவிட்டது. பிழைத்துக்கொண்டார். ஆனால் அதற்குப் பிறகு எங்களிடம் சொன்னது ஒரே வரி: "உங்க அப்பா உடம்பு அப்படி, திசு வீக்." தைத்தவர் கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எந்த இடம் என்று சொல்லப் போவதில்லை. ஆனால் நோயாளியின் திசுமேல் பழி போடுவது குடத்தின்மேல் பழி போடுவதற்கு எந்த விதத்தில் மேல்?

---

வார்டு அக்கா | திங்கள், காலை 7.50

அந்த ரோஜா நிற நீர்தான் அண்ணா எங்களுக்கு அபாய மணி. ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் நடுவில் அது வந்தால் உள்தையல் விட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்போதே டியூட்டி டாக்டரை எழுப்ப வேண்டும். உங்கள் அப்பாவுக்கு அதைச் செய்யாதது தவறுதான்.

---

தையல் வாத்தியார் | திங்கள், காலை 10.30

திருவொற்றியூர் தம்பி கேட்டது நியாயமான கேள்வி. ஒளிக்காமல் பதில் சொல்கிறேன்.

தைக்கிற கைக்குப் பெரிய பங்கு உண்டு. ஜென்கின்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் 1976-இலேயே கணக்குப் போட்டுச் சொன்னார்: 10 செண்டிமீட்டர் கீறலை மூட 40 செண்டிமீட்டர் நூலாவது உள்ளே போக வேண்டும், ஒன்றுக்கு நான்கு. வயிறு உப்பும்போது கீறல் நீளும். நூல் குறைவாக இருந்தால் அது திசுவை அறுத்துக்கொண்டு வந்துவிடும். நூல் அறுந்து தையல் பிரிவது அபூர்வம். முடிச்சும் பெரும்பாலும் அவிழ்வதில்லை. நூல் முழுதாக இருக்கும், அது பிடித்திருந்த திசுதான் கிழிந்திருக்கும். வெண்ணெய்க் கட்டியைக் கம்பி அறுப்பது போல. மீண்டும் திறந்து பார்க்கும்போது இதை என் கண்ணால் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

நாங்கள் படித்த காலத்தில் ஓரத்திலிருந்து ஒரு செண்டிமீட்டர் தள்ளி, ஒரு செண்டிமீட்டருக்கு ஒரு தையல் என்று பெரிய பெரிய கடியாக எடுத்தோம். 2015-இல் நெதர்லாந்தில் 560 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு அப்படியும் இன்னொரு பாதிக்கு 5 மில்லிமீட்டர் தள்ளி 5 மில்லிமீட்டருக்கு ஒன்று என்று நெருக்கமாகவும் தைத்தார்கள். ஒரு வருடத்தில் பெரிய கடி எடுத்தவர்களில் 21 சதவீதத்துக்கு ஹெர்னியா, சிறிய கடி எடுத்தவர்களில் 13 சதவீதத்துக்கு. நான் பல வருடம் பெரிய கடிதான் சொல்லிக்கொடுத்தேன். அந்த ஆய்வைப் படித்த அன்று நான் சொல்லிக்கொடுத்த பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன்.

ஆகவே கை முக்கியம். ஆனால் அந்த 13-ஐயும் பாருங்கள். ஒரே முறையில், கவனமாக, கண்காணிப்போடு தைத்தும் நூற்றில் 13 பேருக்கு வந்திருக்கிறது, மற்ற 87 பேருக்கு வரவில்லை. அந்த இடத்தில்தான் சீழ், சர்க்கரை, எடை, புகை இவற்றோடு திசுவும் பேச்சுக்கு வருகிறது. "திசு வீக்" என்பது ஒரு மருத்துவர் பேச்சை முடித்துக்கொள்ளச் சொல்லும் வார்த்தையாக இருக்கக் கூடாது. அது ஆபரேஷனுக்கு முன்னால் யோசிக்க வேண்டிய வார்த்தை. திசு வலுவில்லை என்று தெரிந்தால் இன்னும் நெருக்கமாகத் தைப்பது நம் கடமையாகிறது.

---

திருவொற்றியூர்க்காரன் | திங்கள், காலை 10.52

சார், நன்றி. இந்த ஒரு பதிலை அன்று யாராவது அப்பாவிடம் சொல்லியிருந்தால் போதும்.

---

உயிர்வேதி மாணவி | திங்கள், மாலை 6.10

நான் கிண்டிப் பக்கம் கொலாஜன் பற்றித்தான் ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கிறேன். திசுப் பகுதியை நான் எழுதட்டுமா? கொஞ்சம் நீளும்.

அந்த நார்ப்பட்டையில் முக்கியமாக இருப்பது கொலாஜன் என்ற புரதம். அதில் பல வகை உண்டு. இங்கே இரண்டு போதும். முதல் வகை தேர்வடம் மாதிரி, தடித்த முறுக்கு, இழுத்தால் தாங்கும். மூன்றாம் வகை மெல்லிய நூல், வளையும், அவ்வளவாகத் தாங்காது. புண் ஆறும்போது உடம்பு அவசரத்துக்கு முதலில் மூன்றாம் வகையை நிறையப் போட்டு அடைக்கும். பிறகு சாவகாசமாக அதை எடுத்துவிட்டு முதல் வகையை வைக்கும். ஹெர்னியா வந்தவர்களின் திசுவை எடுத்துப் பார்த்த பல ஆய்வுகளில், மூன்றாம் வகையோடு ஒப்பிட்டால் முதல் வகையின் விகிதம் குறைந்திருக்கிறது. அதாவது தேர்வடம் வர வேண்டிய இடத்தில் நூலே தங்கிவிட்டது.

"ஹெர்னியா வந்ததால் அந்த இடத்தில் திசு அப்படி ஆனதா, திசு அப்படி இருந்ததால் ஹெர்னியா வந்ததா?" என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. ஹெர்னியாவுக்குத் தொடர்பில்லாத தோலிலும் இந்த மாற்றத்தைப் பார்த்திருக்கிறார்கள், அதனால் ஒரு பகுதியாவது உடம்பு முழுவதும் இருக்கிற சமாச்சாரம் என்று சொல்ல முடிகிறது. இன்னொரு தடயம் மகாதமனி. வயிற்றுப் பெருந்தமனி வீங்கிப் பலூன் போல ஆனவர்களுக்கு அதைச் சரிசெய்ய வயிற்றைத் திறந்தால், அதே தமனி அடைப்புக்காகத் திறந்தவர்களைவிட ஹெர்னியா அதிகம் வருகிறது. அதே கீறல், அதே மாதிரி ஆபரேஷன். ரத்தக்குழாய்ச் சுவரும் வயிற்றுச் சுவரும் ஒரே சரக்கில் செய்தவை என்பதுதான் வித்தியாசத்துக்குக் காரணமாகத் தோன்றுகிறது.

பெரம்பூர் அக்கா மாமாவைப் பற்றி எழுதியிருந்தார்கள். தொடை இடுக்கில் ஹெர்னியா வந்தவர்களின் மரபணுக்களைப் பெரிய அளவில் ஒப்பிட்டு 2015-இல் நான்கு இடங்களைக் கண்டுபிடித்தார்கள். அவற்றில் சில, இணைப்புத் திசுவைக் கட்டுவதோடும் பராமரிப்பதோடும் தொடர்புள்ளவை. கருப்பை இறக்கத்திலும் இணைப்புத் திசுவின் பங்கு பேசப்படுகிறது. பாட்டி, மாமா, அம்மா மூவரையும் ஒரே கயிற்றில் கட்ட என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் உங்கள் சந்தேகம் முட்டாள்தனமானது இல்லை அக்கா.

எனக்கு மிகவும் பிடித்த ஒரு சான்று எலிகளிடமிருந்து வந்தது. ஊட்டிப் பக்கம் தோட்டங்களில் அழகுக்கு வளர்ப்பார்களே, இனிப்புப் பட்டாணிப்பூக் கொடி, அதன் விதையை எலிகளுக்குக் கொடுத்தபோது முதுகெலும்பு வளைந்தது, தமனி வெடித்தது, ஹெர்னியாவும் வந்தது. அந்த விதையில் உள்ள ஒரு பொருள், கொலாஜன் இழைகளை ஒன்றோடொன்று பின்னிக் கட்டுகிற நொதியை நிறுத்திவிடுகிறது. இழை இருக்கும், முடிச்சு இருக்காது. அந்த எலிகள் யாரும் குடம் தூக்கவில்லை. கேசரிப் பருப்பும் இந்தக் கொடிக்குச் சொந்தம்தான். ஆனால் அதில் இருக்கிற நஞ்சு வேறு, கால் நரம்பைத் தாக்குவது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

---

வளையும் விரல் | திங்கள், இரவு 8.35

இதைப் படித்ததும் உள்ளே நுழையாமல் இருக்க முடியவில்லை. எனக்கு 36 வயது, மயிலாப்பூர். சின்ன வயதில் பரதம் ஆடினேன். கட்டைவிரலைப் பின்னால் மடக்கி முன்கையில் ஒட்டவைப்பேன், குனிந்தால் உள்ளங்கை தரையில் படியும். டீச்சர் பாராட்டுவார். தோள்மூட்டு அடிக்கடி நழுவும், காயம் பட்டால் தழும்பு சிகரெட் தாள் மாதிரி மெல்லிசாக, பளபளப்பாக இருக்கும். இது எஹ்லர்ஸ் டான்லோஸ், அதாவது பிறவியிலேயே இணைப்புத் திசு தளர்ந்திருக்கும் நோய், என்று பெயர் தெரிந்தது முப்பது வயதுக்கு மேல்.

இருபத்தேழு வயதில் சூலகக் கட்டிக்காக வயிற்றைத் திறந்தார்கள். தோல் தையலை வழக்கம்போலப் பத்தாம் நாள் எடுத்தார்கள், பன்னிரண்டாம் நாள் வாய் பிளந்தது. திரும்பத் தைத்த டாக்டர் எனக்குக் கேட்கும்படியே சொன்னார்: "நனைந்த காகிதத்துல தைக்கற மாதிரி இருக்கும்மா." அவர் குறையாகச் சொல்லவில்லை, ஆச்சரியமாகச் சொன்னார். ஆனால் அவரும் ஏன் என்று கேட்கவில்லை. இரண்டு வருடத்தில் ஹெர்னியா.

அடுத்த ஆபரேஷனுக்கு நோயின் பெயரோடு போனேன். மெஷ் (வயிற்றுச் சுவருக்குத் தாங்கலாக வைக்கும் வலை) வைத்தார்கள், தோல் தையலை இரண்டு மடங்கு நாள் விட்டுவைத்தார்கள். மரத்துப்போக ஊசி போட்டாலும் எனக்குச் சரியாக மரக்காது என்று முன்னாலேயே சொல்லிவைத்தேன், அதற்கும் ஏற்பாடு செய்தார்கள். ஆறு வருடம் ஆகிறது, நன்றாக இருக்கிறேன். பெயர் தெரிவதற்கும் தெரியாததற்கும் நடுவில் இருந்த வித்தியாசம் அவ்வளவுதான், அவ்வளவும்தான்.

பெரம்பூர் தங்கச்சி, அம்மாவின் கட்டைவிரல் முன்கையைத் தொடுகிறதா என்று ஒரு தடவை பாருங்கள்.

---

தையல் வாத்தியார் | திங்கள், இரவு 9.20

மயிலாப்பூர் அம்மா சொன்னது ஒவ்வொரு வரியும் பயனுள்ளது. கூடவே ஒரு எச்சரிக்கை. விரல் வளைகிற எல்லோருக்கும் இந்த நோய் இல்லை. நம் ஊர்ப் பெண்கள் பலருக்கு விரல் நன்றாகவே வளையும். சுண்டுவிரல், கட்டைவிரல், முழங்கை, முழங்கால், தரையைத் தொடுவது என்று ஒன்பது மதிப்பெண்ணுக்குப் பார்ப்பார்கள். அதோடு தழும்பு, தோல், குடும்ப வரலாறு எல்லாம் சேர்ந்துதான் முடிவு. இந்த நோயில் ரத்தக்குழாயையும் குடலையும் தாக்குகிற வகை ஒன்று உண்டு. குடும்பத்தில் இளவயதில் தமனி வெடித்தோ காரணமில்லாமல் குடல் ஓட்டையாகியோ யாராவது இறந்திருந்தால் அதை அறுவை மருத்துவரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

பழைய தையலில் ஹெர்னியா வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இப்படிப் பெயர் வைத்த நோய் எதுவும் கிடையாது. கொஞ்சம் மெலிந்த திசு, கொஞ்சம் சர்க்கரை, கொஞ்சம் சீழ், கொஞ்சம் அவசரத் தையல், எல்லாம் சேர்ந்ததுதான். கொலாஜன் விகிதத்தை லேபில் அளந்து "உங்களுக்கு வரும், உங்களுக்கு வராது" என்று சொல்லும் பரிசோதனை இன்று வழக்கத்தில் இல்லை. அப்படி யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். மாமாவுக்கு வந்ததா, ஒரு முறை சரிசெய்தும் திரும்ப வந்ததா, மூலம், நரம்புச் சுருட்டல் உண்டா என்று கேட்பதுதான் இப்போதைக்கு நம்மிடம் இருக்கிற பரிசோதனை. அதற்குப் பணம் செலவில்லை.

---

அடுப்படி | செவ்வாய், காலை 9.05

கொலாஜன் புரதம் என்றால் ஒரு கேள்வி. எங்கள் வீட்டில் ஆபரேஷன் ஆனவர்களுக்குப் பருப்பு கொடுத்தால் சீழ் வைக்கும், முட்டை ஆகாது, மீன் ஆகாது என்று ஒரு மாதம் ரசம் சாதமும் பிரெட்டும்தான். அது சரியா?

---

வார்டு அக்கா | செவ்வாய், காலை 9.40

தயவுசெய்து வேண்டாம். இதற்காக நான் தினமும் சண்டை போடுகிறேன். பருப்பால் சீழ் வைக்காது. புண்ணை மூடுவதற்குப் புரதம்தான் சரக்கு. அதை நிறுத்திவிட்டுப் புண் ஆறவில்லையே என்று அழுதால் எப்படி? டாக்டர் சாப்பிடலாம் என்று சொன்ன நாளிலிருந்து முட்டை, மீன், பருப்பு, தயிர் எல்லாம் கொடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் அளவு கேட்டுக்கொள்ளுங்கள். போன மாதம்கூட ஒரு பாட்டி. மருமகள் ஆசையாக அவித்த முட்டை கொண்டுவந்தாள். வாசலிலேயே பெரியவர்கள் வாங்கி வைத்துவிட்டார்கள். நான் போய் எடுத்துவந்து உரித்து உப்பு மிளகு தூவி ஊட்டினேன்.

---

உயிர்வேதி மாணவி | செவ்வாய், காலை 11.00

அக்காவோடு இன்னொன்றும் சேர்த்துக்கொள்கிறேன்: வைட்டமின் சி. கொலாஜன் முறுக்கு நிலைத்து நிற்க அது கட்டாயம் வேண்டும். 1740-களில் ஆன்சன் என்ற கடற்படைத் தளபதி உலகைச் சுற்றிப் போன கப்பலில் ஸ்கர்வி (வைட்டமின் சி குறைவால் வரும் நோய்) வந்தபோது, ஐம்பது வருடத்துக்கு முன்னால் போரில் பட்டு ஆறிப்போன ஒரு கிழவரின் காயங்கள் திரும்பத் திறந்துகொண்டன என்று பதிவு இருக்கிறது. ஆறிய தழும்பு என்பது முடிந்துபோன வேலை அல்ல. உள்ளே அழிப்பதும் கட்டுவதும் வாழ்நாள் முழுக்க நடக்கிறது.

1939-இல் கிராண்டன் என்ற அமெரிக்க இளம் அறுவை மருத்துவர் தன்மீதே சோதனை செய்தார். வைட்டமின் சி இல்லாத சாப்பாடு. மூன்றாம் மாதம் முதுகில் கீறித் தைத்தார்கள், நன்றாக ஆறியது. ஆறு மாதம் ஆனபிறகு திரும்பக் கீறினார்கள். பத்து நாள் கழித்துப் பார்த்தால் மேலே தோல் மூடியிருந்தது, அடியில் ஒட்டவே இல்லை, ரத்தக்கட்டி மட்டும் இருந்தது. வைட்டமின் சி ஏற்றியதும் ஆறியது. மேலே மூடி உள்ளே திறந்து கிடப்பது என்று வாத்தியார் சார் முதலில் சொன்னாரே, எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

அதற்காக மாத்திரையை அள்ளிப் போட வேண்டாம். குறையை நிரப்பினால் பலன் உண்டு, குறையே இல்லாதவர் மேலும் மேலும் சாப்பிட்டால் ஹெர்னியா வராது என்று அர்த்தம் இல்லை. கோயம்பேட்டில் நெல்லிக்காயும் கொய்யாவும் மலிவாகக் கிடைக்கிறது, போதும்.

---

கொடுங்கையூர் 44 | செவ்வாய், மதியம் 1.30

எனக்கு அடுத்த மாதம் குடல் ஆபரேஷன், வயிற்றைத் திறந்துதான். 44 வயது. ஒரு நாளைக்குப் பதினைந்து சிகரெட். உண்மையைச் சொல்லுங்கள் சார்.

---

தையல் வாத்தியார் | செவ்வாய், மதியம் 2.10

உண்மை: டென்மார்க்கில் 2005-இல் வெளியான ஆய்வில், புகைப்பவர்களுக்கு இந்த ஹெர்னியா வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு. புகை நுரையீரலை அரிப்பது தெரிந்த கதை. அரிக்கிற அதே நொதிகள் ரத்தத்தில் போய் வயிற்றுச் சுவரின் கொலாஜனையும் தின்கின்றன என்று ரீட் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் நாற்பது வருடத்துக்கு முன்பே எழுதினார். இருமல் வேறு.

தம்பி, நான்கு வாரம் இருக்கிறது. இன்றைக்கே நிறுத்துங்கள். நான்கு வாரம் நிறுத்தினாலே காயத்தில் சீழ் வைப்பது குறைகிறது. உங்கள் ஜாதகத்தை நீங்கள் மாற்ற முடியாது, இதை முடியும். பெட்டியை வீட்டில் யாரிடமாவது கொடுத்துவிட்டுத் திரும்ப இங்கே எழுதுங்கள்.

---

கொடுங்கையூர் 44 | செவ்வாய், மதியம் 2.25

மகளிடம் கொடுத்துவிட்டேன். நிஜமாகவே.

---

பெரம்பூர்ப் பொண்ணு | செவ்வாய், இரவு 10.15

எல்லோருக்கும் நன்றி. அம்மாவின் கட்டைவிரல் முன்கையைத் தொடவில்லை. மாமாவுடையதும் தொடவில்லை. அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, நான்கு மாதத்தில் முதல் தடவை.

சார், இரண்டு கேள்வி. ஓட்டையைத் தைத்துவிட்டால் போதாதா, மெஷ் எதற்கு? அப்புறம், முதல் ஆபரேஷனிலேயே மெஷ் வைத்திருந்தால் இது வந்திருக்காதா?

---

தையல் வாத்தியார் | புதன், காலை 6.40

தையலில் தோற்ற திசுவை இழுத்துப் பிடித்து மறுபடியும் தைப்பதுதான் பழைய முறை. நெதர்லாந்தில் இரண்டையும் ஒப்பிட்டு பத்து வருடம் பின்தொடர்ந்து 2004-இல் எழுதினார்கள்: தையல் மட்டும் போட்டவர்களில் 63 சதவீதத்துக்குத் திரும்ப வந்தது, மெஷ் வைத்தவர்களில் 32 சதவீதத்துக்கு. பாதியாகக் குறைந்தது. ஆனால் 32-ம் சின்ன எண் இல்லை. மெஷ் என்பது கொடி படர வைத்த பந்தல். அதன் கண்களுக்குள் உங்கள் அம்மாவின் திசு வளர்ந்து பிடித்துக்கொள்ள வேண்டும். அதனால்தான் ஆபரேஷனுக்கு முன்னால் சர்க்கரை, எடை, சத்து என்று இவ்வளவு படுத்துகிறோம்.

இரண்டாவது கேள்வி. எடை அதிகமுள்ளவர்களுக்கும் தமனி வீக்கத்துக்காகத் திறந்தவர்களுக்கும் முதல் தையலிலேயே மெஷ் வைத்துப் பார்த்த ஆய்வு 2017-இல் வந்தது. வெறும் தையலில் 30 சதவீதம், மெஷ் வைத்ததில், வைத்த இடத்தைப் பொறுத்து, 13 அல்லது 18. நல்ல பலன். ஆனால் அவை திட்டமிட்டுச் செய்த, சுத்தமான ஆபரேஷன்கள். உங்கள் அம்மாவுக்கு வயிறு முழுக்கச் சீழ். அந்த ராத்திரி இரண்டு மணிக்கு நான் இருந்திருந்தாலும் மெஷ் வைத்திருக்க மாட்டேன். அன்று உயிரைக் காப்பாற்றியிருக்கிறார்கள். இன்று வயிற்றுச் சுவரைப் பார்க்கலாம்.

---

பெரம்பூர்ப் பொண்ணு | மூன்று வாரம் கழித்து, சனி, மாலை 5.20

சிடி ஸ்கேன் எடுத்தோம். ஓட்டை ஐந்து செண்டிமீட்டர் அகலம், அதற்கு மேலே இன்னொரு சின்ன ஓட்டையும் இருக்கிறதாம், வெளியே தெரியாதது. மூன்று மாதச் சர்க்கரை 9.1. எட்டுக்குக் கீழே கொண்டுவந்ததும் தேதி தருவதாகச் சொன்னார்கள். நானே மாமாவின் கதையைச் சொன்னேன். டாக்டர் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார், "இரண்டு பக்கமும் வந்ததா? திரும்பவும் வந்ததா?" என்று கேட்டு.

சித்தி நேற்று வந்திருந்தார். பேச்சைத் தொடங்கினார். அம்மாவே, "அது ஆபரேஷன் ஆன மாசத்துலயே வந்தது, குடம் இல்ல" என்று சொல்லிவிட்டு, காபி போட எழுந்து போனார். முந்தானையை இழுத்துக்கொள்ளவில்லை. லாரித் தண்ணீர் இப்போது தம்பியின் பொறுப்பு.

வார்டு அக்கா, வயிற்றுக்கு பெல்ட் வாங்கியிருக்கிறோம். ராத்திரியும் போட்டுக்கொள்ள வேண்டுமா?

---

வார்டு அக்கா | சனி, இரவு 8.00

வேண்டாம் தங்கச்சி. படுக்கும்போது கழற்றிவிடு. காலையில் எழுந்திருப்பதற்கு முன்னால், படுத்தபடியே, புடைப்பு உள்ளே போயிருக்கும்போது மாட்டிவிடு. கட்டினபிறகு பெல்ட்டுக்கும் வயிற்றுக்கும் நடுவில் உன் விரல் நுழைய வேண்டும். வெயில் காலம், வேர்த்து அரிக்கும், அடியில் ஒரு பழைய பருத்தித் துணியைச் சுற்றிவிடு.